குட்டி செஃபும் ஒரு குடும்ப ஞாயிறும்!

வாண்டுக்கு சமையல் கிளாஸ்... வீட்டுக்கே சென்னை ரவுண்ட்... பிளான் மட்டும் நம்மளோடது!

செமஸ்டர் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சா? பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியை அம்மா முன்னாடி கொட்டியாச்சா? பதினொரு மணி வரைக்கும் தூங்கி, எழுந்ததும் செல்போனைத் தேடி, சாப்பிட மட்டும் ரூமை விட்டு வெளியே வர்ற அந்தப் பழைய படத்தை மறுபடியும் ரிலீஸ் பண்ணியாச்சா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

உங்க வீட்டுல ஒரு வாண்டு இருக்குமே... தம்பியோ தங்கச்சியோ, அக்கா பையனோ, சித்தி பொண்ணோ! கரண்டியை மைக் மாதிரி பிடிச்சுக்கிட்டு, 'இன்னிக்கு நாம செய்யப்போறது...'ன்னு ஆளில்லாத கேமராவைப் பார்த்துப் பேசுமே, அதேதான். 2019-ல் 'குக் வித் கோமாளி' வந்ததுக்கு அப்புறம் இந்த நோய் இல்லாத வீடே இல்லைன்னு சொல்லலாம். நீச்சல், கராத்தே, ஓவியம்னு இருந்த சம்மர் கேம்ப் நோட்டீஸ்ல இப்போ சமையலும் சீட் போட்டு உட்கார்ந்திருக்கு. அந்த வாண்டை ஒரு சமையல் கிளாஸ்ல சேர்த்துவிட்டு, அதைச் சாக்கா வெச்சு மொத்தக் குடும்பத்தையும் ஒரு நாள் சென்னையில சுத்தக் கூட்டிட்டுப் போறது எப்படி? அதுதான் இந்த வார மேட்டர்!

'அதை ஏன் நான் பிளான் பண்ணணும்?'னு கேக்குறீங்களா? காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு முப்பது பேரை மேய்க்குறீங்க. ஐ.வி. போக பஸ் பிடிச்சு, ரூம் போட்டு, எச்.ஓ.டி.கிட்ட கையெழுத்து வாங்குறீங்க. வீட்டுல இருக்குற ஆறு பேரை எழும்பூருக்குக் கூட்டிட்டுப் போறதா பெரிய விஷயம்? அதுவும் இல்லாம, பிளேஸ்மென்ட் கிடைச்சு பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ பஸ் ஏறிட்டா, வீட்டுல எல்லாரும் ஒண்ணா இருக்குற ஞாயிறு எத்தனை கிடைக்கும்னு விரல் விட்டு எண்ணிடலாம்!

முதல் ரூல்... நோ புளியோதரை!

நம்ம ஊர்ல 'ஃபேமிலி அவுட்டிங்'னா என்ன நடக்கும்? எல்லாரும் ஏழு மணிக்கு எழுந்து 'கிளம்பலாமா?'ன்னு சோம்பல் முறிப்போம். அம்மா மட்டும் நாலு மணிக்கே எழுந்திருப்பாங்க. புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பாட்டிக்கு மட்டும் தனியா காரமில்லாத ஏதோ ஒண்ணு, வாண்டுக்கு இட்லி. அஞ்சு டப்பா கட்டி, வீட்டைப் பெருக்கி, கடைசியா குளிச்சு, தலை காயுறதுக்குள்ள ஆட்டோ ஏறுவாங்க. பீச்சுல நாம எல்லாரும் அலையில ஆடுவோம். அவங்க செருப்புக்கும் டப்பாவுக்கும் காவல் இருப்பாங்க. திரும்பி வந்ததும் நமக்குத் தூக்கம், அவங்களுக்கு அஞ்சு டப்பா கழுவுற வேலை!

யோசிச்சுப் பாருங்க... அது நமக்குத்தான் அவுட்டிங். அவங்களுக்குக் கிச்சனை பீச்சுக்கு மாத்தினதுதான் மிச்சம். அதனால இந்த பிளானோட முதல் கண்டிஷன்: அன்னிக்கு அம்மா அடுப்பைத் தொடக் கூடாது. காலை டிபன் ஓட்டல்ல. மதியம் மீல்ஸ். நடுவுல வாண்டு செஞ்ச அயிட்டம். முதல் நாள் ராத்திரியே 'நாளைக்கு சமையல் கிடையாது'ன்னு வீட்டுல அறிவிச்சிடுங்க. 'வெளிச் சாப்பாடு ஒத்துக்காது'ன்னு பாட்டி சொன்னா, இட்லியும் ரசம் சாதமும் எல்லா ஓட்டல்லயும் கிடைக்கும்னு சொல்லி சமாதானம் பண்றது உங்க பொறுப்பு.

கிளாஸுக்கு ஒரு வைவா!

நோட்டீஸ்ல குண்டுக் கன்னத்தோட ஒரு குழந்தை செஃப் தொப்பி போட்டுச் சிரிக்குதேன்னு பணத்தைக் கட்டிடாதீங்க. போன் போட்டு ஒரு வைவா நடத்துங்க. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மாதிரி கேள்வி கேளுங்க.

முதல் கேள்வி: குழந்தைங்க நிஜமாவே கையால செய்யுமா, இல்ல டெமோ மட்டுமா? நம்ம கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்குல்ல? ஒருத்தன் டைட்ரேஷன் பண்ணுவான், மீதி பத்து பேர் ரீடிங்கைக் காப்பி அடிப்போம். அந்தக் கதை இங்கேயும் நடக்கும். இருபது குழந்தைக்கு ஒரே டீச்சர்னா, அது கிளாஸ் இல்ல... ஷோ! ஒரு பெரியவருக்கு அஞ்சாறு குழந்தைங்கன்னா ஓ.கே.

ரெண்டாவது: எந்த வயசு? ஆறு வயசுக் குழந்தையையும் பன்னிரண்டு வயசுக் குழந்தையையும் ஒரே மேஜையில நிறுத்தினா, சின்னதுக்குப் புரியாது, பெருசுக்கு போர் அடிக்கும். ஆறேழு வயசுன்னா அடுப்பில்லா சமையல்தான் பெஸ்ட். சாண்ட்விச், பழ சாலட், அவல் கலவை, எலுமிச்சை ஜூஸ். வாழைப்பழம், பனீர் மாதிரி மெத்துனு இருக்குறதை வெண்ணெய்க் கத்தியால வெட்டினாலே அதுக்கு ராஜ சந்தோஷம். பத்து வயசுக்கு மேல, பக்கத்துல பெரியவங்க நின்னா அடுப்பையும் அவனையும் பழகலாம்.

மூணாவது, ரொம்ப முக்கியம்: அலர்ஜி. வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, கோதுமை... வாண்டுக்கு எதுவாவது ஒத்துக்காதுன்னா பணம் கட்டும்போதே சொல்லுங்க, எழுதியும் கொடுங்க. 'அங்க போய் பார்த்துக்கலாம்' வேண்டாம். சாண்ட்விச்சுல மயோனைஸ் இருந்தா முட்டை இல்லாததான்னு கேளுங்க. பச்சை முட்டையில செய்யுற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டதே கிருமி பயத்துலதான்.

நாலாவது: ஃபீஸ்ல என்னென்ன அடக்கம்? சாமான், ஏப்ரன், தொப்பி, டப்பா எல்லாம் சேர்த்தா, தனித்தனியா? கடைசி நேரத்துல 'சர்டிஃபிகேட்டுக்குத் தனி சார்ஜ்'னு சொன்னா அப்பா முகம் போற போக்கைப் பார்க்க முடியாது.

அஞ்சாவது: பேக்கரி, ரெஸ்டாரன்ட் கிச்சன்ல நடத்துற கிளாஸா? சுவர்ல 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் மாட்டியிருக்கான்னு ஒரு பார்வை பாருங்க. அப்படியே கை கழுவுற இடத்தையும் பாத்ரூமையும் பாருங்க. சோப்பு இல்லாத சமையல் கிளாஸ், கால்குலேட்டர் இல்லாத மேத்ஸ் எக்ஸாம் மாதிரி!

ஆறாவது, நம்ம காலத்துக் கேள்வி: குழந்தையோட போட்டோவை விளம்பரத்துக்குப் போடுவாங்களா? வேண்டாம்னா வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

'ஆம்பளப் பையனுக்கு எதுக்கு?'

பிளானைச் சொன்னதும் வீட்டுல பெரியப்பாவோ தாத்தாவோ ஒரு குண்டு போடுவாங்க. 'பையனைப் போய் சமையல் கிளாஸ்ல சேர்க்குறியா?' டென்ஷன் ஆகாதீங்க பாஸ், பதில் நம்ம கையிலயே இருக்கு. நல்ல சமையலைப் பாராட்ட நம்ம ஊர்ல என்ன சொல்றாங்க? நளபாகம்! இன்னொண்ணு பீமபாகம்! ரெண்டு பேரும் யாரு? நளன் ஒரு ராஜா, பீமன் பாண்டவர்ல ரெண்டாவது ஆளு. இன்னிக்கும் கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. அண்டா பக்கத்துல நிக்குற மாஸ்டர் யாரு? பெரும்பாலும் ஆம்பளைங்கதான்.

அப்படின்னா விஷயம் இதுதான்... காசு கொடுத்தா சமையல் ஆம்பளை வேலை, காசு கொடுக்கலைன்னா பொம்பளை வேலை. இந்தக் கணக்கு உங்களுக்கு சரியாப் படுதா? தாத்தாகிட்ட சண்டை போட வேண்டாம். சிரிச்சுக்கிட்டே கேளுங்க, போதும். அதே மாதிரி, 'பொண்ணுதானே, இப்பவே கத்துக்கட்டும், நாளைக்கு உதவும்'னு தங்கச்சியைச் சேர்க்காதீங்க. அவளுக்குப் பிடிச்சிருக்கா? அப்ப சேருங்க. அவளுக்கு ரோபோட்டிக்ஸ்தான் பிடிக்கும்னா கிளாஸை மாத்துங்க!

ஹாஸ்டல் மெஸ் சாம்பார்ல பருப்பைத் தேடுற நமக்குத் தெரியாதா, ஒரு ரசம் வைக்கத் தெரிஞ்சவனோட மதிப்பு?

கிரிட்டிகல் பாத் இதுதான்!

இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்கு பெர்ட், சி.பி.எம்.னு ஒரு சேப்டர் வரும். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிற சேப்டர். அதுக்கு இப்பதான் நிஜமான வேலை. ஒரு நாள்ல அசைக்க முடியாத வேலை எதுவோ, அதைச் சுத்தித்தான் மத்ததை அடுக்கணும். இங்கே அசையாதது கிளாஸ் டைம். காலை 10 முதல் 12 வரைக்கும்னு வெச்சுக்குவோம்.

7.30-க்கு வீட்டை விட்டுக் கிளம்பறீங்க. வழியில டிபன். வாண்டுக்குப் பாதி வயிறு போதும், கிளாஸ்ல டேஸ்ட் பார்த்தே மீதி நிரம்பிடும். 9.45-க்கு கிளாஸ் வாசல். 12 மணிக்கு வாண்டு வெளியே. 12.15-க்கு ருசி பார்க்கும் படலம். 1 மணிக்கு சாப்பாடு. 2-லேர்ந்து 4 வரைக்கும் கண்டிப்பா கூரைக்குக் கீழே இருக்கணும். மே மாசக் கத்திரி வெயில்ல பாட்டியை நடுரோட்டுல நிறுத்தினா அது அவுட்டிங் இல்ல, தண்டனை! 4 மணிக்கு காபி. 5-க்கு பார்க்கோ பீச்சோ. 7-க்குத் திரும்ப வண்டி. ஒவ்வொரு இடத்துக்கும் நடுவுல 20 நிமிஷம் பஃபர் விடுங்க. வாண்டு ஷூவைக் கழட்டும், பாட்டிக்கு முட்டி வலிக்கும், அப்பா யாரோ பழைய ஃப்ரெண்டைப் பார்த்துடுவார். எல்லாத்துக்கும் டைம் வேணும்ல?

சாயங்காலத்துக்கு ஒரே ஒரு இடம்தான். ரெண்டு பார்க், ஒரு பீச், ஒரு மால்னு அடுக்கினீங்கன்னா கடைசியில மிஞ்சுறது தலைவலி மட்டும்தான்.

ரூட் போடலாமா?

கிளாஸ் எந்தப் பக்கம்னு பார்த்து மத்த இடத்தை முடிவு பண்ணுங்க. ஊரைக் குறுக்கும் நெடுக்கும் ஓடினா பாதி நாள் டிராஃபிக்ல போயிடும்.

எழும்பூர், நுங்கம்பாக்கம் ஏரியா: மதியத்துக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கினது. திருவாலங்காடு நடராஜரும் திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரரும் இங்கேதான். வாண்டுக்குத் திமிங்கல எலும்புக்கூடு போதும், வாயைப் பிளந்துடும். சமையல் கிளாஸ் முடிச்ச கையோட வந்திருக்குறதால ஆதிச்சநல்லூர்ல கிடைச்ச மண்பாண்டங்களையும் தேடிக் காட்டுங்க. 'அந்தக் காலத்துலயும் சட்டி பானை இருந்துச்சா?'ன்னு அது கேட்டா, அன்னிக்கு நீங்க ஜெயிச்சுட்டீங்க. வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துடாதீங்க. சாயங்காலம் கதீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்கா. 2010-ல் திறந்த இந்தப் பூங்கா இருக்குற இடத்துலதான் முன்னாடி டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்துச்சு. கார்ல உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிட்ட கதையை அப்பாவோ தாத்தாவோ ஆரம்பிச்சா, குறுக்கே பேசாதீங்க. நோட்ஸ் எடுங்க! இன்னும் எனர்ஜி இருந்தா எதிர்ல 2024 அக்டோபர்ல திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா இருக்கு.

அடையாறு, கோட்டூர்புரம் ஏரியா: இங்கே பிர்லா கோளரங்கம், பக்கத்துலயே 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். கோளரங்கத்துல தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் ஷோ உண்டு. அன்னிக்கு எந்த நேரத்துக்கு எந்த மொழின்னு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. நூலகத்துல குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. வாண்டு படம் பார்க்கட்டும், அப்பா பேப்பர் படிக்கட்டும், பாட்டி கொஞ்சம் கண் அசரட்டும். பறவை, மான் பார்க்கணும்னா 2024-ல் புதுப்பிச்சுத் திறந்த கிண்டி சிறுவர் இயற்கைப் பூங்கா. அதை ஒட்டியே பாம்புப் பண்ணை. ரெண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. சாயங்காலம் பெசன்ட் நகர் பீச். பாட்டிக்கு அஷ்டலட்சுமி கோயில், உங்களுக்கு பஜ்ஜிக் கடை. மணல்ல வெள்ளையா நிக்குற ஷ்மிட் நினைவுச் சின்னத்தை வாண்டுக்குக் காட்டுங்க. 1930-ல் கடல்ல மூழ்கினவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டினது. 'அலை சின்னதாத்தானே இருக்கு'ன்னு உள்ளே இறங்க நினைக்கிற எல்லாருக்கும் அதுதான் பாடம். கால் நனைச்சா போதும்.

மயிலாப்பூர் ஏரியா: இங்கே கிளாஸுக்கு முன்னாடியே டூர் ஆரம்பிச்சிடலாம். திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கி, கபாலீஸ்வரரைப் பார்த்துட்டு, தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைங்களைச் சுத்துங்க. வாழைப்பூ, வாழைத்தண்டு, மாகாளிக்கிழங்கு... சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் கவர்ல மட்டும் காய் பார்த்த வாண்டுக்கு இதுவே ஒரு மியூசியம். ஐம்பது ரூபாயைக் கையில கொடுத்து, 'உனக்குப் பிடிச்ச காயை நீயே பேரம் பேசி வாங்கு'ன்னு விட்டுடுங்க. எந்த சம்மர் கேம்ப்லயும் இந்தப் பாடம் கிடையாது! மதியம் கோயில் நடை சாத்திடும், அதனால சாமி கும்பிடுறதைக் காலையிலயே முடிச்சிடுங்க. சாயங்காலம் மெரினா. தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல். மணல்ல நடக்க முடியாதவங்க கடலைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்னுதான் 2022 நவம்பர்ல விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மரப்பாதை போட்டாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அதைப் பதம் பார்த்துச்சு, அப்புறம் சரி பண்ணினாங்க. வீல் சேர்ல பாட்டி இருந்தா அந்தப் பக்கம் இறங்குங்க.

எப்படிப் போறது? 2015-ல் ஓட ஆரம்பிச்ச மெட்ரோவுல ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லிஃப்ட் இருக்குறதால பெரியவங்களுக்கு அதுதான் சுகம். மாநகரப் பேருந்துல சாதாரணக் கட்டண பஸ்ஸா பார்த்து ஏறுங்க. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ல் தொடங்கினது அந்த பஸ்கள்லதான். மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை நடக்குற ரோடுகள்ல எக்ஸ்ட்ரா டைம் ஒதுக்குங்க.

அந்த ரெண்டு மணி நேரம்!

எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். வாண்டு உள்ளே போயிடும். மத்த அஞ்சு பேர்? நிறைய கிளாஸ்ல பெத்தவங்களை உள்ளே விட மாட்டாங்க. அதுவும் நல்லதுதான். அம்மா பக்கத்துல நின்னா, 'இங்க கொடு, நான் செய்யறேன்'னு பிடுங்கிடுவாங்க!

ஒருத்தர் மட்டும் வாசல்லயே இருக்கணும். அது நீங்களா இருங்க. உங்க போன் நம்பரை டீச்சர்கிட்ட கொடுங்க. ஒரு சீட்டுல எழுதி வாண்டு பாக்கெட்லயும் போடுங்க. அம்மாவும் அப்பாவும் பக்கத்துல எங்கேயாவது போய் நிம்மதியா ஒரு காபி குடிக்கட்டும். ரெண்டு பேரும் தனியா காபி குடிச்சு எத்தனை வருஷம் ஆச்சோ, யாருக்குத் தெரியும்? பாட்டிக்கு நாற்காலி இருக்கான்னு முதல் நாளே கேட்டு வெச்சுக்கோங்க. மாடியில கிளாஸ்னா லிஃப்ட் இருக்கான்னும் கேளுங்க.

இந்தக் கட்டுரைக்காக ஒரு கிளாஸ் வாசல்ல போய் நின்னேன். பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்துச்சு. எட்டு வயசுப் பையன் ஒருத்தன், கன்னத்துல புதினா சட்னியோட, ஒரு காகிதத் தட்டை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்தான். தட்டுல நாலு சாண்ட்விச் துண்டு. ஒண்ணு சின்னதா, பல்லில்லாத பாட்டிக்காக ஓரம் வெட்டினது. அம்மா ஒரு வாய் கடிச்சாங்க. அவன் அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் மெதுவாக் கேட்டான்... 'உப்பு சரியா இருக்காம்மா?'

அந்த அம்மாவுக்குப் பேச்சே வரலை. தினமும் அவங்க கேக்குற கேள்வி அது. நம்ம வீட்டுலயும் தினமும் கேக்குற கேள்விதான். நாம என்ன பதில் சொல்லியிருக்கோம்? போனைப் பார்த்துக்கிட்டே ஒரு 'ம்'. அந்தப் பையனுக்கு அந்த 'ம்' போதாதுன்னு ரெண்டே மணி நேரத்துல தெரிஞ்சு போச்சு. கிளாஸ் ஃபீஸ் எவ்வளவா இருந்தாலும் அன்னிக்கே வசூல்!

வாயில போடு... மூளையிலயும் போடு!

வாண்டு செஞ்சதை என்ன பண்றது? க்ரீம், பனீர், மயோனைஸ், நறுக்கின பழம் இதெல்லாம் இருந்தா அங்கேயே, அப்பவே காலி பண்ணிடுங்க. சென்னை வெயில்ல பையில வெச்சு சாயங்காலம் பீச்சுல திறந்தீங்கன்னா, மறுநாள் மொத்தக் குடும்பமும் டாக்டர் வீட்டு வாசல்ல நிக்கும். பிஸ்கட், சாதா கேக் மாதிரி காய்ஞ்ச அயிட்டம்னா ராத்திரி வரைக்கும் தாங்கும்.

வழியில பேச்சுக் கொடுங்க. வெங்காயம் நறுக்கினா ஏன் அழுகை? வெட்டும்போது அதோட செல் உடைஞ்சு, உள்ளே தனித்தனியா இருந்த பொருட்கள் கலந்து, கந்தகம் கலந்த ஒரு வாயு கிளம்பி கண்ணுக்கு வருது. கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டு நறுக்கினா எரிச்சல் குறையும். பால்ல எலுமிச்சை பிழிஞ்சா ஏன் திரியுது? அமிலம் பட்டதும் பால்ல இருக்குற புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, அதைப் பிழிஞ்சா பனீர். கேக் ஏன் உப்புது? சோடாவும் தயிரோட புளிப்பும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு விடுது. சோப்பு போட்டு 20 விநாடி ஏன் கை கழுவணும்? கிருமி போக அவ்வளவு தேய்ப்பு வேணும். ஃபர்ஸ்ட் இயர்ல நாம தூங்கி வழிஞ்ச கெமிஸ்ட்ரி, ஒரு எட்டு வயசு வாண்டுகிட்ட சொல்லும்போது எவ்வளவு சுவாரஸ்யமா இருக்கு பாருங்க!

பையில என்ன? பர்ஸ்ல என்ன?

ஆளுக்கொரு தண்ணி பாட்டில். வாண்டுக்கு மாத்து டிரெஸ், ஒரு துண்டு. இறுக்கமான மூடியோட ஒரு டப்பா. ஒரு குடை, வெயிலுக்கும் மழைக்கும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும்னா பீச்சுக்குப் பதிலா கூரை உள்ள ஒரு இடத்தையும் ரெடியா வெச்சுக்கோங்க. பாட்டியோட மாத்திரை, அப்பாவோட மூக்குக் கண்ணாடி. நீளமான முடி இருந்தா ரப்பர் பேண்டு. வாண்டுக்கு முன்பக்கம் மூடின ஷூ. கூட்டத்துல கை விட்டுப் போச்சுன்னா நின்ன இடத்துலயே நிக்கணும்னு சொல்லிக் கொடுங்க. குழந்தைகள் உதவி எண் 1098. அது உங்க போன்ல கண்டிப்பா இருக்கட்டும்.

பட்ஜெட்டை முதல் நாளே அஞ்சு கவரா பிரிச்சிடுங்க: கிளாஸ் ஃபீஸ், வண்டி, சாப்பாடு, நுழைவுச் சீட்டு, அவசரம். அவசரக் கவர்ல மொத்தத்துல பத்துல ஒரு பங்காவது இருக்கட்டும். கவர் காலியானா அந்த அயிட்டம் ஓவர். பலூன்காரர் வந்தாலும் சரி, பஞ்சு மிட்டாய் வந்தாலும் சரி! ஸ்டைபெண்டோ டியூஷன் காசோ வர்றவங்க, அதுல ஒரு கவரை உங்க செலவா வெச்சுக்கோங்க. அப்பா வெளியே ஒண்ணும் காட்டிக்க மாட்டார். ஆனா ஊருல இருக்குற எல்லா சொந்தக்காரங்களுக்கும் போன் போட்டுச் சொல்லிடுவார்.

ஃபீஸ் கட்டுப்படியாகலையா?

நோ ப்ராப்ளம்! கிளாஸை நீங்களே நடத்துங்க. தெருவுல, அபார்ட்மென்ட்ல இருக்குற ஆறு வாண்டுகளை மொட்டை மாடிக்குக் கூப்பிடுங்க. நிழல்ல பாய் போடுங்க. முதல் பாடம் கை கழுவுறது. ரெண்டாவது எலுமிச்சை ஜூஸ். எவ்வளவு சர்க்கரைன்னு ஒவ்வொருத்தரும் தனியா அளந்து எழுதட்டும். மூணாவது அவலை ஊற வெச்சு, வெல்லமும் தேங்காயும் துருவிப் போட்டு ஒரு கலவை. நாலாவது முன்னாடியே வேக வெச்ச பட்டாணியில மாங்காயும் தேங்காயும் கலந்து பீச் சுண்டல். கத்தி உங்க கையில, கரண்டி அவங்க கையில. 1951-ல் மீனாட்சி அம்மாள் எழுதின 'சமைத்துப் பார்' மாதிரி, வாண்டுகளையே ஆளுக்கொரு பக்கம் அளவோட எழுதச் சொல்லி நூல் கோர்த்தா, ஒரு சமையல் புத்தகமும் ரெடி. சாயங்காலம் அதே டப்பாவைத் தூக்கிக்கிட்டு குடும்பத்தோட பீச்! செலவு? எலுமிச்சம்பழமும் பஸ் டிக்கெட்டும்தான்.

மறு ஞாயிறுதான் ரிசல்ட்!

இந்த பிளான் பாஸா ஃபெயிலான்னு அன்னிக்கே தெரியாது பாஸ். போட்டோவுக்கு லைக் விழுறது இன்டர்னல் மார்க் மாதிரி, எல்லாருக்கும் கிடைச்சிடும். நிஜமான ரிசல்ட் அடுத்த ஞாயிறு வரும். வாண்டு தானா கிச்சனுக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு, 'நான் செய்யறேன்'னு நிக்குதா? அப்ப அம்மாவை ஹால்ல உட்கார வெச்சு டி.வி. ரிமோட்டைக் கையில கொடுங்க. வாண்டுக்குத் துணையா அடுப்புப் பக்கம் நீங்க நில்லுங்க. உப்பு கொஞ்சம் கூடலாம், சப்பாத்தி இலங்கை மேப் மாதிரி வரலாம். 'சரியா இருக்கா?'ன்னு அது கேக்கும்போது போனைக் கீழே வெச்சுட்டு, முழுசா ஒரு பதில் சொல்லுங்க.

எல்லாம் சரி, அவ்வளவு பாத்திரத்தையும் யார் கழுவுறதுன்னு கேக்குறீங்களா? வாண்டு சமையல், அம்மா ரெஸ்ட், அப்பா பேப்பர், பாட்டி சூப்பர்வைசர். மிச்சம் இருக்குற ஒரே ஆள் யாருன்னு கண்ணாடியைப் பாருங்க பாஸ்!